சில்லியா, ஃபூலிஷா, ஸ்டுபிடா: எதை எங்கே போடுவது?

சாப்பாடு முடிந்து பில் வருகிறது. நீங்கள் பர்ஸை எடுக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் லண்டன்காரர் "டோன்ட் பி சில்லி" என்கிறார். பள்ளிக்கூட அகராதியை மனத்துக்குள் புரட்டினால் 'முட்டாள்தனமாக நடந்துகொள்ளாதே' என்று வரும், முகமும் சுருங்கும். அவர் சொன்னதோ "அட, சும்மா இருங்க, நான் கொடுத்துக்கிறேன்" என்பதுதான். அதே இடத்தில் "டோன்ட் பி ஸ்டுபிட்" என்றிருந்தால் முகம் சுருங்கியதில் நியாயம் உண்டு.

சிக்கல் நம் அகராதிப் பழக்கத்தில் இருக்கிறது. சில்லி, ஃபூலிஷ், ஸ்டுபிட் மூன்றுக்கும் 'முட்டாள்தனமான' என்று ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிறகு ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றில் எது முதலில் வாயில் வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் வருவது ஸ்டுபிட். வகுப்பறையில் அதிகம் காதில் விழுந்தது அதுதானே.

மூன்றையும் ஒரே தராசில் வைத்து, சில்லி கால் கிலோ, ஃபூலிஷ் அரைக் கிலோ, ஸ்டுபிட் ஒரு கிலோ என்று எடை போடுகிறவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. அந்தச் சொல் எதன்மேல் போய் விழுகிறது என்று பார்ப்பதே பயன்படும். சில்லி விழுவது நடத்தையின்மேல்: கனமில்லை, விளையாட்டுத்தனம், இதற்குப் போய் அலட்டிக்கொள்வானேன். ஃபூலிஷ் விழுவது எடுத்த முடிவின்மேல்: புத்தி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. ஸ்டுபிட் விழுவது மூளையின்மேல்: புத்தியே இல்லை. கேட்பவருக்கு வலிப்பது கடைசியாகச் சொன்னதுதான்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் சோதிக்கலாம். 45,000 ரூபாய்க்குப் போடவேண்டிய இன்வாய்ஸில் 54,000 என்று இலக்கம் மாறி விழுந்துவிட்டது. உடன் வேலை செய்பவரிடம் "ஐ மேட் எ சில்லி மிஸ்டேக்" என்று சொல்லலாம். கவனப்பிசகு, உட்கார்ந்து திருத்தினால் சரியாகிவிடும் என்ற அளவுதான் அதில் இருக்கிறது. "ஃபூலிஷ் மிஸ்டேக்" என்று இதைச் சொன்னால் ஆங்கிலக் காதுக்குச் சற்று உறுத்தும், ஏனென்றால் இலக்கம் மாறியதில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. முன்பணம் வாங்காமல், முன்பின் தெரியாதவருக்குச் சரக்கு அனுப்பியிருந்தால் அது ஃபூலிஷ். "ஸ்டுபிட் மிஸ்டேக்" என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வது சகஜம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடுத்தவர் செய்த பிழைக்கு அதே சொல்லைப் போட்டால் பிழையோடு ஆளையும் சேர்த்து அடித்ததாகிவிடும்.

இதில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. அந்த இன்வாய்ஸ் பிழையால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அவருக்கு எழுதும் மன்னிப்புக் கடிதத்தில் சில்லி கூடாது. நம்மூரில் கணக்குப் பாடத்தில் மைனஸ் குறி விட்டுப்போனால் "சில்லி மிஸ்டேக்லதான் நாலு மார்க் போச்சு" என்று பெற்றோரே ஆறுதல் சொல்கிறார்கள். ஆறுதலுக்கு ஏற்ற சொல் மன்னிப்புக்கு ஏற்காது. பணத்தை இழந்தவரிடம் 'சின்ன விஷயம்தானே' என்று சொன்னதுபோல் ஆகும். அங்கே வெறுமனே "எரர்" போதும். பொறுப்பை ஏற்க வேண்டுமென்றால் "கேர்லெஸ்". அதேபோல, ஒருவர் மனம்விட்டுச் சொன்ன பயத்தையோ வருத்தத்தையோ சில்லி என்பது ஸ்டுபிட் என்பதைவிடவும் புண்படுத்தக்கூடும். இலேசான சொல் எங்கேயும் இலேசாகவே விழும் என்று நம்பிவிட முடியாது.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. நடந்து முடிந்த செயலைப் பற்றிச் சொல்லும்போது "இட் வாஸ் ஃபூலிஷ் ஆஃப் ஹிம் டு சைன்" என்று 'ஆஃப்' வரவேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார், அது அவருடைய புத்திக்குறைவு என்று ஆளையும் செயலையும் அது சேர்த்துக் கட்டுகிறது. நம்மவர்கள் இங்கே 'ஃபார்' போடுவது வழக்கம். அது இனி நடக்கப்போவதற்கோ நடக்கக்கூடியதற்கோ பொருந்தும்: "இட் வுட் பி ஃபூலிஷ் ஃபார் ஹிம் டு சைன்". இரண்டாவது இடம் 'பீயிங்'. "யூ ஆர் சில்லி" என்றால் நீ இப்படிப்பட்ட ஆள். "யூ ஆர் பீயிங் சில்லி" என்றால் இந்த நேரத்தில் இப்படி நடந்துகொள்கிறாய். ஸ்டுபிட் என்று சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் வந்தாலும் 'பீயிங்' சேர்த்தால் பாதிச் சூடு தணியும்.

சில்லியின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் இன்றைய மென்மை விளங்கும். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்கு 'பாக்கியம் பெற்ற, மகிழ்ச்சியான' என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் பங்காளியான 'சேலிஷ்' இன்றும் அருள்பெற்றவரையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சொல் படி இறங்கியது: அருள்பெற்றவர், பிறகு கள்ளமற்றவர், பிறகு பாவப்பட்டவர், வலுவற்றவர், 16ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் புத்தி குறைந்தவர். நமக்கு இது புதிதல்ல. நாற்றம் ஒருகாலத்தில் நறுமணமாக இருந்தது. குறளில் வெகுளி என்றால் கோபம், 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாத ஆள். ஆங்கிலத்தில் 'நைஸ்' இதற்கு எதிர்த்திசையில் போனது. 'அறியாதவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, முதலில் அசடு என்று பொருள்பட்டு, இன்று 'இனிமையான' என்று மேலேறி நிற்கிறது.

அந்தக் கள்ளமின்மையின் வாசம் சில்லியை விட்டு முழுதாகப் போகவில்லை. குழந்தையிடமும் நண்பரிடமும் செல்லமாகச் சொல்ல முடிவது அதனால்தான். தமிழில் இதற்குச் சரியான இணை 'அசட்டுத்தனம்'. முட்டாள்தனம் என்று பெயர்த்தால் சொல் விறைத்துப்போகும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு சில்லி பாயின்ட் தெரியும். மட்டைக்காரரிடமிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி, அடி விழுந்தால் நேரே மேலே படும் தூரத்தில் நிற்கும் இடம். சில்லி மிட் ஆன், சில்லி மிட் ஆஃப் இரண்டும் இதே கதைதான். இவ்வளவு கிட்டத்தில் போய் நிற்கலாமா என்ற பொருளில் வந்த பெயர். 'அசட்டுத் துணிச்சல்' என்று நம்மிடம் ஒரு தொடர் இருக்கிறதே, அச்சாக அதுதான். ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்குத் தனிச் சொல்லும் உண்டு: ஃபூல்ஹார்டி. பிரேவ் என்றோ ஸ்டுபிட் என்றோ பெயர்த்து ஒரு பாதியை இழக்க வேண்டியதில்லை.

"போர்ட் சில்லி", "ஸ்கேர்ட் சில்லி" என்று வந்தால் அசட்டுத்தனத்தைத் தேட வேண்டாம். அங்கே அது வெறும் அளவு: சலித்துப் போய்விட்டது, பயந்து நடுங்கிவிட்டான். "சில்லி மணி" என்றால் கொள்ளை விலை.

ஃபூலிஷுக்கு வருவோம். ஃபூல் என்ற சொல்லின் வேர் லத்தீனின் 'ஃபோலிஸ்': தோல்பை, கொல்லன் துருத்தி. உள்ளே காற்று மட்டும் உள்ள பை. ஆனால் இன்றைய ஃபூலிஷ் காலிப்பையைக் குறிப்பதில்லை. படித்தவர், அனுபவசாலி, ஊரே மதிக்கும் ஆள்கூட ஃபூலிஷாக ஒரு காரியம் செய்யலாம். ஸ்டுபிடுக்கும் இதற்குமுள்ள கோடு இதுதான், வள்ளுவர் அதை ஒரே குறளில் போட்டுக் காட்டிவிட்டார்: "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்." படித்தான், புரிந்துகொண்டான், அடுத்தவனுக்கும் சொல்லிக்கொடுத்தான், தான் மட்டும் அதன்படி நடக்கவில்லை. இவனை ஸ்டுபிட் என்று சொல்லவே முடியாது, மூளை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. இவன் ஃபூல்.

ஜி.யு.போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்தபோது இந்த 84ஆம் அதிகாரமான பேதைமைக்கு 'ஃபாலி' என்று தலைப்பிட்டார். நல்ல தேர்வு. அதிகாரத்தின் முதல் குறள் பேதைமைக்குச் சொல்லும் இலக்கணம், கேட்டினைக் கையில் எடுத்துக்கொண்டு ஊதியத்தைக் கைநழுவ விடுவது. ஃபாலி என்ற சொல் ஆங்கிலத்தில் சுமப்பதும் இதைத்தான்: விளைவோடு கூடிய பெரிய தவறான முடிவு. ஃபூலிஷ்னஸ் என்பது ஒருவரிடம் உள்ள குணம் அல்லது நடத்தை. ஃபாலி என்பது அவர் செய்துவைத்த காரியம். அதை எண்ணிக்கையிலும் சொல்லலாம்: 'ஃபாலீஸ் ஆஃப் யூத்', இளமையில் செய்த தவறுகள். அன்றாடப் பேச்சில் ஃபாலி வராது. எழுத்திலும் போர், பெரும் முதலீடு, ஆட்சியின் முடிவு போன்ற பெரிய விஷயங்களுக்கே வரும். பஸ்ஸைத் தவறவிட்டதை ஃபாலி என்று எழுதினால் சிரிப்பார்கள்.

1867இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் செவர்ட் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கினார். பனிக்கட்டியை வாங்கிவிட்டார் என்று கேலி செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'செவர்ட்ஸ் ஃபாலி'. பின்னால் அங்கே தங்கமும் எண்ணெயும் கிடைத்தன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இங்கே ஸ்டுபிடிட்டி என்று வைத்திருந்தால் அது செவர்டின் மூளையைப் பற்றிய பேச்சாகியிருக்கும். ஃபாலி என்றதால் வாங்கிய காரியத்தைப் பற்றிய பேச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர்கள் தங்கள் தோட்டங்களில் அழகுக்காக எழுப்பிய பயனற்ற கோபுரங்களுக்கும் பொய் இடிபாடுகளுக்கும்கூட ஃபாலி என்றே பெயர். பயண நூலை மொழிபெயர்க்கும்போது 'அங்கே ஒரு முட்டாள்தனம் இருக்கிறது' என்று எழுதிவிடக் கூடாது. அலங்காரக் கட்டடம் என்றால் போதும்.

பெரியார் சிலைகளின் பீடங்களில் உள்ள "கடவுளைக் கற்பித்தவன் முட்டாள்" என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் தருகிறவர்கள் ஃபூல் என்றே எழுதிவருகிறார்கள். இடியட் என்று போட்டால் வசவாக மட்டும் நின்றுவிடும். ஃபூல் என்பதில் வசவோடு ஒரு தீர்ப்பும் இருக்கிறது: சிந்திக்க வேண்டிய இடத்தில் சிந்திக்கவில்லை.

ஃபூல் வினைச்சொல்லாக வரும்போது நம் மொழிபெயர்ப்புகள் வழுக்குகின்றன. "ஹீ ஃபூல்ட் மீ" என்றால் 'என்னை முட்டாளாக்கினான்' என்று எழுதுகிறார்கள். பொருள் 'ஏமாற்றிவிட்டான்', அவ்வளவே. "ஹீ மேட் எ ஃபூல் ஆஃப் மீ" என்று வந்தால்தான் நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளாக்கினான் என்ற பொருள். 'ஃபூல்ப்ரூஃப்' என்பது யார் கையில் கொடுத்தாலும் தவறவே வழியில்லாதது. 'ஃபூல்ஸ் பாரடைஸ்' என்பதை 'முட்டாள்களின் சொர்க்கம்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதிப் பழக்கிவிட்டன, இருந்தாலும் பொய்யான நிம்மதியில் மிதப்பது என்ற பொருள் அதில் தெளியவில்லை. ஒரு நுணுக்கம்: அசடு வழிய நின்றதைச் சொல்ல பிரிட்டன்காரர் "ஐ ஃபெல்ட் எ ஃபூல்" என்பார், அமெரிக்கர் நடுவில் 'லைக்' சேர்ப்பார். இடையே வந்ததால் சொல்லிவிடலாம்: பரீட்சைக்கு வாங்கிய ஃபுல்ஸ்கேப் தாளுக்கும் 'ஃபுல்'லுக்கும் சம்பந்தமில்லை. அது ஃபூல்ஸ் கேப், கோமாளித் தொப்பி. பழைய ஐரோப்பியக் காகிதத்தில் நீர்க்குறியாக அந்தத் தொப்பி இருந்தது.

ஸ்டுபிடின் வேர், லத்தீனில் 'திகைத்து மரத்துப்போவது'. மயக்க நிலையைக் குறிக்கும் 'ஸ்டுப்பர்' இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. ஆளைப் பார்த்துச் சொன்னால் வசவு, இதில் சமரசமில்லை. ஆனாலும் மூன்று இடங்களில் அது தாராளமாக வரும். ஒன்று, மேலே சொன்ன தன்வசவு. இரண்டு, எரிச்சல் ஊட்டும் பொருள்: "திஸ் ஸ்டுபிட் பிரின்டர்". பிரின்டருக்கு ஏது மூளை? இது நம் 'பாழாப்போன பிரின்டர்'தான், 'முட்டாள் பிரின்டர்' என்று பெயர்த்தால் சிறுவர் கதையாகிவிடும். மூன்று, வாக்கியத்தின் வாலில் ஒரு தட்டாக வருவது. 1992 அமெரிக்கத் தேர்தலில் கிளின்டனின் பிரசார ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் தன் ஆட்களுக்காக எழுதிவைத்த குறிப்பில் ஒரு வரி "தி எகானமி, ஸ்டுபிட்". அங்கே அது 'பொருளாதாரம்தான்யா விஷயம்' என்பதிலுள்ள 'யா'வின் வேலையைப் பார்க்கிறது.

அமெரிக்கர்கள் இதே இடத்தில் 'டம்ப்' அதிகம் பயன்படுத்துவார்கள். அதற்குப் பேச்சற்ற என்ற பழைய பொருளும் இருப்பதால் "டம்ப் கொஸ்டின்" என்பதை 'ஊமைக் கேள்வி' என்று எழுதிய மொழிபெயர்ப்புகள் கண்ணில் படுகின்றன. 'அசட்டுக் கேள்வி' என்பதே போதும். பழைய பொருளில் மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க டம்பை இன்று பயன்படுத்தக் கூடாது, அது அவமதிப்பு.

இடியட், இம்பிசைல், மோரான் மூன்றையும் எழுத்தில் தவிர்த்துவிடுவது நல்லது, காரணம் நாகரிகம் மட்டுமன்று. இவை ஒருகாலத்தில் மருத்துவச் சொற்கள். அறிவுத்திறன் சோதனையில் 0 முதல் 25 வரை இடியட், 50 வரை இம்பிசைல், 70 வரை மோரான் என்று மனிதர்களைப் பெட்டியில் அடைத்தார்கள். மோரான் என்ற சொல்லை 1910இல் ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கென்றே கிரேக்கத்திலிருந்து உருவாக்கினார். நம் நாட்டிலும் 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டத்தில் இடியட் என்ற சொல் சட்டச் சொல்லாகவே இருந்தது. 1987இன் மனநலச் சட்டம் வந்தபோதுதான் அந்தச் சட்டம் போனது. கிரேக்க மூலத்திலோ 'இடியோட்டஸ்' பொதுக்காரியத்தில் ஈடுபடாத தனிமனிதன், அவ்வளவே.

அப்சர்ட், ரிடிகுலஸ் இரண்டும் வேறு தெரு. இவை ஆளைவிடக் கூற்றையும் நிலைமையையும் தொடும். அப்சர்டின் லத்தீன் மூலம் 'சுருதி சேராதது'. ஒரு வாதம் தனக்குள்ளேயே பொருந்தாதபோது அந்தச் சொல் சரியாக உட்காரும், தமிழில் 'அபத்தம்' அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ரிடிகுலஸ் சிரிப்பிலிருந்து பிறந்தது: ஒரு காபிக்கு 600 ரூபாயா, இது என்ன கூத்து!

அலுவலகக் கடிதத்தில் என்ன செய்வது? மேலதிகாரியின் திட்டம் தேறாது என்று எழுத வேண்டும். இதுவரை சொன்ன எந்தச் சொல்லையும் தொடாதீர்கள். "அன்வைஸ்" போதும், நம் 'உசிதமல்ல' அதுதான். "இல் அட்வைஸ்ட்" இன்னும் சாதுரியமானது. யோசனை சொன்னவர் யாரோ, அவர்மேல் பழியைத் தள்ளி எதிரே இருப்பவரைத் தப்பவிடுகிறது. நோக்கம் நல்லது, போன வழி தவறு என்றால் "மிஸ்கைடட்". அனுப்பிவிட்ட மின்னஞ்சலில் ஃபூலிஷ் என்ற சொல் கிடந்தால், 'திட்டத்தைத்தான் சொன்னேன், உங்களையல்ல' என்று பிறகு விளக்கிப் பயனில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தலைகீழ்ச் சிக்கல். நம்மிடம் சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன, போய்ச் சேருவதோ ஸ்டுபிட் என்ற ஒரே பள்ளம். வெகுளிக்கு "நயீவ்" சரி, ஃபூல் தப்பு. மக்கு என்பது படிப்பு ஏறாதவரைக் குறிப்பதால் "ஸ்லோ" அல்லது "டிம்". அசடு வழிவதற்கு "ஷீப்பிஷ்" என்று கச்சிதமான சொல் உண்டு. பைத்தியக்காரத்தனத்துக்கு "மேட்னஸ்", அதில் புத்தியைக் காட்டிலும் கட்டுப்பாடு போனதுதான் செய்தி. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வரும் 'மோட்டுக் கதை'க்கு "சில்லி டாக்" பொருந்தும். 'விசர்க் கதை' அதைவிடக் காரமானது, "நான்சென்ஸ்" என்று போடலாம்.

சிரமமானது 'லூசு'. "போடா லூசு" என்று காதலி சொல்கிறாள், சப்டைட்டில் எழுதுகிறவர் கையில் இரண்டு நொடியும் ஒரு வரியும்தான் இருக்கின்றன. "யூ இடியட்" என்பதே பெரும்பாலும் விழுகிறது. அவள் குரலும் சிரிப்பும் காதில் விழுகிற வரைக்கும் அது சரிதான். காட்சியில் அவள் முகம் தெரியாமல், போனில் குரல் மட்டும் மெதுவாக வந்தால் இடியட் கசந்துவிடும். அங்கே "யூ சில்லி திங்" போடலாம், கதாபாத்திரம் பிரிட்டனில் வளர்ந்தவளாக இருந்தால் "யூ டாஃப்ட் திங்". அவளே அடுத்த காட்சியில் முகம் சிவக்க "லூசாடா நீ?" என்று கத்தினால் அதற்கு இரண்டும் உதவாது: "ஆர் யூ அவுட் ஆஃப் யுவர் மைண்ட்?"